கரப்பானுக்கு ஒளி சிகிச்சை



கடன், சேமிப்பு பற்றிப் பேச நிறைய பேர் இருக்கீங்க. நான் கையைப் பற்றிப் பேச வந்திருக்கேன். நமக்கு முதல் மூலதனம் கைதானே!

நான் சமையல் வேலைக்குப் போறவள். பூண்டு உரிச்சு, சோப்புத் தண்ணியில அண்டா தேய்ச்சு, ரெண்டு கையிலும் கரப்பான் வந்துவிட்டது. டாக்டர்கள் இதை எக்ஸிமா என்கிறார்கள். தோல் வெடிக்கும், நீர் கசியும், ராத்திரி தூங்க விடாது. ஆறின மாதிரி இருக்கும், மறுபடி கிளம்பும். ஒரு கல்யாண வீட்டில் என் கையைப் பார்த்துவிட்டு, "நீ பரிமாற வேண்டாம்" என்று பாதிக் கூலியோடு அனுப்பிவிட்டார்கள்.

எக்ஸிமா ஒட்டுவாரொட்டி இல்லை. தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ வராது. புண்ணில் சீழ் வைத்தால் மட்டும், ஆறும்வரை சமையலில் கை வைக்காமல் டாக்டரிடம் போகணும்.

முதலில் களிம்புதான் கொடுப்பார்கள். அதற்கு அடங்காதவர்களுக்கு ஒளி சிகிச்சை. புற ஊதாக் கதிர் விளக்கு முன்னால் நிற்க வைப்பார்கள். கை, கால் மட்டும் வைக்கிற சின்னப் பெட்டியும் உண்டு. பெரும்பாலும் 311 நானோமீட்டர் அளவுள்ள கதிர். தோலுக்குள் கோபமாகக் கிளம்பி நிற்கிற எதிர்ப்பு அணுக்களை அது அமைதிப்படுத்தும். முதல் நாள் சில விநாடிதான், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். வாரம் 2 அல்லது 3 முறை, 2, 3 மாதம் போகணும். எனக்கு மூன்றாவது வாரம்தான் அரிப்பு குறைந்தது. அதனால் நாலு தடவை போயிட்டு "ஒண்ணும் கேக்கல"ன்னு நிறுத்திடாதீங்க.

இது புதுசும் இல்லை. டென்மார்க் டாக்டர் நீல்ஸ் ஃபின்சன் தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தி 1903-இல் நோபல் பரிசு வாங்கினார். நம்ம சித்த வைத்தியத்தில் தோல் நோய்க்குச் சேர்க்கிற கார்போகரிசியில் சோரலென் என்ற பொருள் இருக்கு. அதைக் கொடுத்துக் கதிர் காட்டும் சிகிச்சை 1970-களில் வந்தது. அதுக்காக நாட்டு மருந்துக் கடையில் வாங்கி அரைச்சுப் பூசி வெயிலில் உட்காராதீங்க. தோல் வெந்து கொப்புளிச்சுடும். வெயில் வேற, அளந்து கொடுக்கிற விளக்கு வேற.

எல்லாருக்கும் இது ஆகாது. வயல்வேலையில் பார்த்தீனியம் செடி பட்டு வருகிற கரப்பான் சிலருக்கு வெயிலில் இன்னும் கூடும். வெயில் பட்டால் அதிகமாகுதா, என்ன மாத்திரை சாப்பிடுறோம், கர்ப்பமா, இந்த மூன்றையும் டாக்டரிடம் சொல்லிடணும். சிகிச்சை எடுத்த அன்று தோல் சிவக்கலாம். எரிந்தால் அடுத்த முறை விளக்கு முன் நிற்கும் முன்பே சொல்லணும். மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்குற ஸ்டீராய்டு களிம்பை நாள்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து போகும்.

நம்ம ஒத்தக்கடையிலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனை தூரமில்லை. அங்கே தோல் நோய்ப் பிரிவு இருக்கு. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் வாரம் மூன்று நாள் கூலி போகுதே, அதுதான் பெரிய செலவு. பலர் பாதியில் நிறுத்துவது வலியால் இல்லை, இந்தக் கணக்கால்தான்.

என் குழுவில் அந்த நாட்களில் எனக்குப் பாத்திர வேலை தரவில்லை. மதியத்துக்கு மேல் கணக்கு எழுதவும், பொருள் வாங்கவும் விட்டார்கள். அதனால்தான் சிகிச்சையை முடிக்க முடிந்தது. கரப்பான் அடியோடு போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். பாத்திரம் தேய்க்கும்போது துணிக் கையுறை மேல் ரப்பர் கையுறை, கழுவினதும் தேங்காய் எண்ணெய், இது தினமும் உண்டு. ஆனால் இப்போ தூங்குறேன், கரண்டி பிடிக்கிறேன்.

ஒவ்வொரு குழுவிலும் இப்படி ஒரு பெண் கையை முந்தானைக்குள் மறைச்சு உட்கார்ந்திருக்கலாம். அவளை ஒதுக்காமல், வேலையை மாத்திக் கொடுப்போம் என்று இந்தக் கூட்டமைப்பு ஒரு தீர்மானம் போடணும். இதுதான் என் வேண்டுகோள்.