மடிக்கணினி முகம் பார்த்துத் திறக்க வேண்டாம் என்றால்
(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அடுத்து தண்ணீர் லாரி விவகாரம் காத்திருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மூடியைத் திறந்ததும் கேமரா நம் முகத்தைப் பார்த்து உள்ளே விடும் வசதிக்கு விண்டோஸ் ஹலோ என்று பெயர். 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்தது. பிடிக்காதவர்கள் சிலர் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். பிறகு பேரனுடன் வீடியோ காலில் பேச முடியவில்லை என்கிறார்கள். ஸ்டிக்கர் தேவையில்லை, முறையாகவே நிறுத்தலாம்.

அதற்கு முன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். முகத்தை நீக்கியதும் கணினி கேட்கப்போவது பின் நம்பரை. அதைப் பல வீடுகளில் மகனோ மகளோ வைத்துக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருப்பார்கள். முகத்தாலேயே திறந்து பழகியவருக்கு அது நினைவில் இருக்காது. ஆகவே விண்டோஸ் கீயையும் 'எல்' எழுத்தையும் சேர்த்து அழுத்திப் பூட்டுங்கள். கேமராவைக் கையால் மறைத்துக்கொண்டு பின் நம்பரைப் போட்டுப் பாருங்கள். திறக்கவில்லையா? பதற வேண்டாம், கையை எடுத்தால் முகம் பார்த்துத் திறந்துவிடும். 'ஐ ஃபர்காட் மை பின்' என்பதை அழுத்தி, மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்துப் புதிய எண் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு இன்டர்நெட் வேண்டும்.

எண் சரியாக இருந்தால் மீதி ஒரு நிமிட வேலை. செட்டிங்ஸ், அதில் அக்கவுண்ட்ஸ், அதில் சைன்-இன் ஆப்ஷன்ஸ். 'ஃபேஷியல் ரெகக்னிஷன்' என்ற வரியைத் தொட்டால் கீழே 'ரிமூவ்' வரும். அழுத்துங்கள். முகப் பதிவு மட்டும் போகும். பின் நம்பர் அப்படியே இருக்கும்.

அந்தப் பதிவு அந்தக் கணினிக்குள்ளேயே இருப்பது, தங்களுக்கு வருவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. எனக்கும் அதில் பெரிய பயமில்லை. பிள்ளைகள் கொடுத்த பழைய கணினியை அவர்கள் கணக்கிலேயே பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதைத் திறப்பது அவர்கள் முகம். அதையும் இதே வழியில் நீக்கலாம்.

விண்டோஸ் ஹலோவுக்கு முந்தைய கணினிகளில் தயாரிப்பாளர்களே தனி மென்பொருள் போட்டுக் கொடுத்தார்கள். 2009-இல் அமெரிக்காவில் நடந்த பிளாக் ஹேட் மாநாட்டில், வியட்நாம் ஆய்வாளர்கள் லெனோவோ, ஏசுஸ், தோஷிபா கணினிகளை வெறும் புகைப்படத்தைக் காட்டியே திறந்து காட்டினார்கள். உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒன்று இருந்தால், பாஸ்வேர்டு தெரியுமா என்று பார்த்துக்கொண்டு, கன்ட்ரோல் பேனலில் 'ப்ரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' போய் அந்த மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் இங்கேயே இருப்பேன். கணினியைக் கொண்டுவாருங்கள், சார்ஜரோடு. பின் நம்பரை மட்டும் என்னிடம் சொல்லாமல் நீங்களே போடுங்கள்.