முகத்துக்கு எழுதும் விடுதலைப் பத்திரம்

(கட்சியின் வெளியீட்டுப் பிரிவுத் தோழர்களுக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2021 பிப்ரவரியில், மேற்கு வங்கச் சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், கொல்கத்தா நாளேடுகளில் ஒன்றிய அரசின் திட்டத்தைப் புகழும் விளம்பரம் ஒன்று வெளிவந்தது. அதில் பிரதமரின் படத்தோடு, புன்னகை பூத்த ஓர் உழைப்பாளிப் பெண்ணின் படமும் இருந்தது. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் தனக்குச் சொந்த வீடு கிடைத்துவிட்டதாக அப்பெண்ணே கூறுவது போன்ற வாசகம் அச்சிடப்பட்டிருந்தது. நியூஸ்லாண்டரி இணைய இதழின் செய்தியாளர் அப்பெண்ணைத் தேடிப் போனார். பவ்பஜார் பகுதியில், வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் தம் குடும்பத்துடன் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார். அவருக்கு எந்த வீடும் கிடைத்திருக்கவில்லை. படம் எடுத்தவர் யார் என்பதும் அவருக்குத் தெரியாது. நாளேட்டில் தம் முகத்தைக் கண்ட பிறகே அவர் செய்தி அறிந்தார். கங்காசாகர் யாத்திரிகர்கள் கூடும் பாபுகாட்டில் கழிப்பறைத் துப்புரவு வேலை பார்த்த நாட்களில் யாரோ எடுத்திருக்கலாம் என்பது அவருடைய ஊகம்.

இதற்கு இரண்டு மாதம் முன்பு, 2020 டிசம்பரில், வேளாண் சட்டங்களை ஆதரித்துப் பாரதிய ஜனதா கட்சியின் பஞ்சாப் பிரிவு சமூக ஊடகத்தில் ஒரு விளம்பரம் வெளியிட்டது. அதில் மகிழ்ச்சி பொங்க நின்ற விவசாயியோ, அதே நாட்களில் அச்சட்டங்களை எதிர்த்து சிங்கு எல்லைப் போராட்டத்தில் அமர்ந்திருந்தார். அது பல ஆண்டுகளுக்கு முன் அவர் தமது சமூக ஊடகப் பக்கத்தில் பதிவிட்டிருந்த படம்.

இவை இரண்டும் பட்டப்பகல் திருட்டு. திருட்டைத் திருட்டு என்று சொல்வதற்குப் பெரிய ஆய்வு எதுவும் தேவையில்லை. ஆனால் அனுமதி கேட்டு, கையொப்பம் வாங்கி, காசும் கொடுத்து, எல்லாம் முறைப்படி நடக்கும் ஒரு வணிகம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று அதிகம் பேச வேண்டியுள்ளது.

மருத்துவமனைப் பலகையில் கைகட்டிச் சிரிக்கும் மருத்துவரைத் தோழர்கள் பார்த்திருப்பார்கள். அதே மருத்துவர் வேறோர் ஊரில் காப்பீட்டு நிறுவனத்தின் முகவராகவும், இன்னோர் ஊரில் வீட்டுமனை வாங்கிய குடும்பத் தலைவராகவும் காட்சி தருவார். தேவை எழுவதற்கு முன்பே எடுத்து, இணையக் கிடங்கில் அடுக்கி வைத்து, கேட்பவர்க்கெல்லாம் உரிமம் விற்கப்படும் படங்கள் இவை. ஸ்டாக் போட்டோ என்று தொழிலில் இதற்குப் பெயர். கெட்டி இமேஜஸ், ஷட்டர்ஸ்டாக், இந்தியாவில் இமேஜஸ்பஜார் போன்ற நிறுவனங்கள் இதை நடத்துகின்றன.

இக்கிடங்குக்கு முகங்கள் எங்கிருந்து வருகின்றன? தொழில்முறை மாடல்கள் அதில் ஒரு பகுதி மட்டுமே. படம்பிடிப்பவரின் மனைவி, மைத்துனர், அண்டை வீட்டார், அலுவலக உதவியாளர் என்று தொடங்குவது வழக்கம். மும்பை போன்ற நகரங்களில் ‘கோஆர்டினேட்டர்’ எனப்படும் இடைத்தரகர்கள் ஆள் பிடித்துத் தருகிறார்கள். பாட்டி வேண்டும், கர்ப்பிணி வேண்டும், கட்டடத் தொழிலாளி வேண்டும் என்று கேட்டால், எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று பேசி முடிக்கிறார்கள். தரகு போக மீதமே அந்த ஆளின் கைக்கு வரும். சமூக ஊடகத்தில் அறிவிப்புச் செய்து, வாய்ப்புத் தேடும் இளைஞர்களை வரவழைப்பதும் உண்டு. அவர்களுக்குப் பல வேளைகளில் கூலியே கிடையாது. எடுத்த படங்களில் சில பிரதிகளே கூலி. ‘உண்மையான’ ஏழை முகம் தேவைப்பட்டால் சந்தைக்கும் குடிசைப் பகுதிக்கும் நேரே போய்விடுகிறார்கள். தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் தாராவி, கேமராக்காரர்கள் சலிக்காமல் தேடி வரும் இடங்களுள் ஒன்று என்பதை மும்பைத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கூலி எதுவாயினும் அது ஒருமுறைக் கூலி. படம் ஒருவருக்கு விற்றாலும் ஓராயிரம் பேருக்கு விற்றாலும் முகத்துக்கு உரியவருக்கு மேற்கொண்டு ஒரு காசும் வராது. விற்பனையில் பங்கு என்பது பதிவேற்றியவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கணக்கு. அதிலும் நிறுவனத்தின் கையே ஓங்கியிருக்கிறது. 2000இல் கனடாவின் கால்கரி நகரில் தொடங்கிய ஐஸ்டாக்போட்டோ, நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்ற படங்களைச் சில்லறைக் காசுக்கு விற்றுச் சந்தையைக் கலக்கியது. 2006இல் கெட்டி அதை 5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. 2020 ஜூனில், கொரோனாவால் வேலையிழந்து படம்பிடிப்பவர்கள் தவித்த காலத்தில், ஷட்டர்ஸ்டாக் அவர்களது பங்கை மாற்றியமைத்தது. 15 விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் பங்கு, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாளன்று எல்லோருக்கும் மீண்டும் அடிப்படிக்கே இறங்கும் என்றது. எதிர்ப்புத் தெரிவித்துத் தம் படங்களை விற்பனையிலிருந்து நிறுத்தி வைத்தவர்கள் பலர். இப்படிக் காய்ச்சி வடிக்கப்படும் படம்பிடிப்பவர், கேமராவுக்கு முன் நிற்பவரிடம் தாராளமாக நடந்துகொள்ள மாட்டார். சுமை கீழே கீழே இறங்கிக் கடைசியில் நிற்பவர்மீது தங்குவது இத்தொழிலுக்கு மட்டும் உரிய புதுமை அன்று.

இனி அந்தக் காகிதம் பற்றி. அடையாளம் தெரியும்படி ஒருவர் முகம் இருக்கும் படத்தை விளம்பரத்துக்கு விற்க வேண்டுமானால், அவர் கையொப்பமிட்ட ‘மாடல் ரிலீஸ்’ எனும் படிவம் வேண்டும் என்று கிடங்கு நிறுவனங்கள் கேட்கின்றன. சிறாராயின் பெற்றோர் கையொப்பம் வேண்டும். நல்ல ஏற்பாடு என்றுதான் முதலில் தோன்றும். படிவத்தைப் படித்தால் தெரியும்: உலகம் முழுவதற்கும், எல்லா ஊடகங்களுக்கும், காலவரையின்றி, திரும்பப் பெற முடியாதபடி உரிமை வழங்கப்படுகிறது. படத்தை வெட்டலாம், மாற்றலாம், எந்த வாசகத்தோடும் சேர்க்கலாம். வெளியிடும் முன் பார்க்கும் உரிமையையும் மாடல் விட்டுக்கொடுக்கிறார். இழிவுபடுத்தும் வகையில் பயன்படுத்தக் கூடாது என்று வாங்குபவருக்கு நிறுவனங்கள் நிபந்தனை விதிப்பது உண்மையே. ஆனால் மீறல் நடந்ததா என்று கண்காணிக்க வேண்டியவர் யார்? தன் முகம் எந்த நாட்டில், எந்த மொழியில், எதை விற்றுக்கொண்டிருக்கிறது என்பதே அறியாதவர்!

‘ரிலீஸ்’ என்பதற்குத் தமிழ் தேடுவோர் அகராதியைப் புரட்ட வேண்டாம். சார் பதிவாளர் அலுவலகத்து வாசலில் போய் நின்றால் போதும். விடுதலைப் பத்திரம் என்று அங்கே வழங்குகிறார்கள். பூர்விகச் சொத்தில் தனக்குள்ள பங்கைத் தங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தருவது விடுதலைப் பத்திரம். பெயரில் விடுதலை இருக்கிறது. எழுதிக் கொடுத்தவருக்கோ கிடைப்பது ஒன்றுமில்லை அல்லது ஒரு பட்டுப்புடவை. மாடல் கையொப்பமிடுவதும் அத்தகைய விடுதலைப் பத்திரமே. ஆனால் இங்கே எழுதிக் கொடுப்பது பாட்டன் சொத்தையன்று, சொந்த முகத்தை. இந்தப் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூலதனம் முதல் தொகுதியில், உழைப்புச் சக்தியை வாங்குவதும் விற்பதும் பற்றிய அத்தியாயத்தில், மார்க்ஸ் ஒரு நிபந்தனையைச் சுட்டிக்காட்டுகிறார். தொழிலாளி தன் உழைப்புச் சக்தியை எப்போதும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே விற்க வேண்டும். ஒட்டுமொத்தமாக, ஒரேயடியாக விற்றுவிட்டால் அவர் தம்மையே விற்றவர் ஆகிறார், சுதந்திர மனிதர் அடிமையாகிறார் என்பது அதன் சாரம். எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தின் உயிரே இந்த எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். மாடல் விற்றது ஒருநாள் உழைப்பை. படம் என்பது அந்த உழைப்பில் விளைந்த பண்டம். நெசவாளி நெய்த சேலை பத்துக் கை மாறினாலும் நெசவாளிக்கு மறுபடி கூலி உண்டா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் சேலை நெசவாளியின் முகத்தோடு கடைத்தெருவில் நின்று பேசுவதில்லை. எனக்கு வீடு கிடைத்தது, இந்தச் சட்டம் எனக்கு நன்மை செய்தது, இந்த மருந்தால் என் நோய் தீர்ந்தது என்று சொல்வதில்லை. படம் சொல்கிறது. அந்த ஒருநாள் முடிந்த பிறகும் அந்த மனிதர் வேலையில் இருந்துகொண்டே இருக்கிறார், கூலியின்றி, தாம் அறியாமலே. இங்கே எல்லைக்கோடு அழிந்துபோகிறது.

ஒப்பந்தத்தில் எல்லை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று உண்டு. 1986இல் நெஸ்லேயின் கனடா நிறுவனத்துக்காகக் காப்பிக் கோப்பையைப் பார்த்தபடி ஒருவர் படத்துக்கு நின்றார். கூலி 250 டாலர். படத்தைப் பயன்படுத்தினால் மேலும் 2,000 டாலர் என்பது ஒப்பந்தம். பின்னர் அவர் கலிஃபோர்னியாவில் மழலையர் பள்ளி ஆசிரியரானார். 2002இல் ஒரு கடையில் காப்பித்தூள் புட்டியின் மேல் தம் முகத்தையே கண்டார். வழக்குத் தொடுத்தார். 2005இல் நடுவர் குழு 1.56 கோடி டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் 2007இல் அது ரத்தாயிற்று. காலவரம்பு பற்றிய கேள்வி 2009இல் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. பணம் கைக்கு வராதபடி வழக்கு இழுபட்டது வேறு கதை. வழக்குத் தொடுக்கவே அவரால் முடிந்ததற்குக் காரணம், 1986ஆம் ஆண்டுக் காகிதத்தில் பயன்பாட்டுக்கு ஒரு விலையும் வரம்பும் எழுதப்பட்டிருந்ததே. இன்றைய ஸ்டாக் போட்டோ படிவத்தில் அந்த வரி இல்லை.

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. நக்கீரன் ஆசிரியர் தொடுத்த ராஜகோபால் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம், ஒருவரது பெயரையோ உருவத்தையோ சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று கூறியிருக்கிறது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. தம் பெயரும் பாணியும் பயன்படுத்தப்படுவதை எதிர்த்து ரஜினிகாந்த் 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்திலும், அனில் கபூர் 2023இல் தில்லி உயர் நீதிமன்றத்திலும் தடையாணை பெற்றார்கள். அவர்கள் நீதிமன்றம் சென்றதில் பிழை எதுவும் இல்லை. பவ்பஜாரின் ஒற்றை அறையிலிருந்து உயர் நீதிமன்றம் எத்தனை தூரம் என்பதே கேள்வி. 1981ஆம் ஆண்டின் திரைப்படத் தொழிலாளர் சட்டம் கதைப்படங்களில் வேலை செய்வோருக்காக இயற்றப்பட்டது. ஒருநாள் கேமராவுக்கு முன் நின்றவர் அதன் வரம்புக்குள் வரவில்லை. அவருக்குச் சங்கமும் இல்லை.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் நிலைமை இன்னும் ஒருபடி கீழிறங்கியிருக்கிறது. ஷட்டர்ஸ்டாக் தன் கிடங்குப் படங்களை ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் பொறிக்குத் தீனியாக உரிமம் தந்தது. 2022 அக்டோபரில் அதை அறிவித்தபோது பதிவேற்றியவர்களுக்கு ஒரு நிதி வைத்தது. படத்தில் இருப்பவர்கள் அக்கணக்கில் இல்லை. அவர்களுடைய முகங்களிலிருந்து, எவருடையதும் அல்லாத முகங்கள் உருவாகின்றன. அவற்றுக்கு ஒருநாள் கூலியும் தேவையில்லை.

இவ்வளவையும் பேசிவிட்டுக் கட்சியின் சொந்த வீட்டைப் பாராமல் போவது முறையாகாது. துண்டறிக்கை நள்ளிரவுக்குள் அச்சுக்குப் போக வேண்டும். ஒரு பெண் தொழிலாளியின் படம் வேண்டும். இலவசத் தளத்தில் தேடி எடுத்தாகிவிட்டது. தஞ்சை மாவட்ட விவசாயத் தொழிலாளர் மாநாட்டுச் சுவரொட்டியில் ராஜஸ்தானத்துத் தலைப்பாகை வந்து நிற்பது இப்படித்தான். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஏதோ ஓர் உல்லாசப் பயணி தெருவில் எடுத்த அம்முகத்துக்கு உரியவரிடம் எவரேனும் கேட்டார்களா என்பதைப் பெரும்பாலும் அத்தளமே உறுதி சொல்வதில்லை. இலவசம் என்று நம்பப்படும் அன்ஸ்பிளாஷ் தளமும் 2021இல் கெட்டியின் கைக்குப் போய்விட்டது.

இடதுசாரி ஏடுகள் உலகெங்கும் விரும்பி வெளியிடும் படம் ஒன்று உண்டு. 1936இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்து பட்டினி கிடந்த கூலித் தொழிலாளர் முகாமில் டோரதியா லாங்கே எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’. அரசு வேலையாக எடுக்கப்பட்டதால் அதற்குப் பதிப்புரிமை இல்லை, எவரும் எடுத்தாளலாம். அத்தாயான ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், தமக்கு அந்தப் படத்தால் ஒரு காசும் கிடைக்கவில்லை என்று 1978இல் மனக்கசப்புடன் கூறினார். 1983இல் அவர் நோயுற்றபோது மருத்துவச் செலவுக்குப் பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்டார்கள். ஏறத்தாழ 35,000 டாலர் சேர்ந்தது. அவ்வாண்டே அவர் மறைந்தார். அப்படத்தை வறுமைக்கு எதிராகவே பயன்படுத்திய எத்தனையோ ஏடுகளில் எதுவும் அதற்கு முன் அவரைத் தேடிப் போனதாகத் தெரியவில்லை.

ஆகவே வெளியீட்டுப் பிரிவு செய்யக்கூடியவை குறித்துச் சில சொற்கள். தொழிற்சங்கத்திலும் மாதர் அமைப்பிலும் விவசாயத் தொழிலாளர் அமைப்பிலும் லட்சக்கணக்கான முகங்கள் இருக்கும்போது கிடங்குக்குப் போக வேண்டிய தேவை இல்லை. ஒரு தொழிலாளியைப் படத்துக்கு அழைத்தால் அன்றைய கூலி அவருக்கு நட்டம். அதைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும், போக்குவரத்துச் செலவும் சேர்த்து. கட்சி வேலைக்குக் கூலியா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். காகிதத்துக்கும் மைக்கும் பிளேட்டுக்கும் கட்சி காசு கொடுக்கிறது. முகத்துக்கு மட்டும் உணர்வைக் காட்டிக் கடன் சொல்வது அழகன்று. வேண்டாம் என்று மறுக்கும் உரிமை கொடுக்கப்படுபவருடையது, கொடுக்க வேண்டியவருடையது அன்று.

சம்மதக் கடிதம் அவரது மொழியில், அரைப் பக்கத்துக்கு மேற்படாமல் இருக்கட்டும். எந்த இயக்கத்துக்கு, எத்தனை காலத்துக்கு என்பது அதில் இருக்க வேண்டும். இரண்டாண்டு போதும், வேண்டுமானால் மறுபடி கேட்கலாம். வேறு அமைப்புக்குப் படத்தைக் கொடுக்கக் கூடாது. வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுபவர் படம் எடுப்பவராக இல்லாமல் வேறொருவராக இருப்பது நல்லது.

கூலியைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் முகம் வேலைநிறுத்தச் சுவரொட்டியில் வந்தால், நிர்வாகம் அதைப் பார்த்து மறுநாளே வாயிலில் நிறுத்திவிடும். சாதி வன்கொடுமைக்கு ஆளான குடும்பத்தின் படம் வந்தால், ஊரில் அவர்கள் மீண்டும் குறிவைக்கப்படுவார்கள். இத்தகைய இடங்களில் ஆர்வமூட்டிச் சம்மதம் வாங்கவே கூடாது. ஓவியம் போதும், கைகள் மட்டும் தெரியும் படம் போதும், முதுகுப்புறம் எடுத்த ஊர்வலப் படமும் போதும்.

அச்சான பிறகு சுவரொட்டியின் ஒரு பிரதியும் கடிதத்தின் ஒரு பிரதியும் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அஞ்சலில் அனுப்பாமல், அந்தப் பகுதிக் கிளைத் தோழர் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, படம் பிடித்திருக்கிறதா என்று கேட்டு வர வேண்டும். பிடிக்கவில்லை என்றால் மறுபதிப்பில் அதை எடுத்துவிடலாம்.