வீட்டில் தேனைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி?

கொல்லிமலைத் தேன் என்றால் நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் சேந்தமங்கலத்திலும் தனி மதிப்பு உண்டு. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, அரப்பளீசுவரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கையில் குளித்துவிட்டு இறங்குகிறவர்கள் கையில் ஒரு பாட்டில் தேன் இருக்கும். மூன்று மாதம் கழித்து அது நுரைத்துப் பொங்கினாலோ, அடியில் சர்க்கரை மாதிரி கெட்டிப்பட்டாலோ, உடனே என்ன சொல்லுகிறார்கள்? "மலைக்காரங்க பாகைக் கலந்து ஏமாத்திட்டாங்க" என்கிறார்கள். பாறை இடுக்கில் கயிற்றில் தொங்கி, உயிரைப் பணயம் வைத்துத் தேன் எடுத்து வந்தவருக்கு இந்தப் பேர் வரலாமா? சோளக்காடு சந்தையில் ஒரு பெரியவரிடம் இப்படி ஒருவர் சண்டை போட்டதை நானே பார்த்திருக்கிறேன். பாட்டிலில் இருந்தது நல்ல தேன்தான், உறைந்திருந்தது, அவ்வளவுதான்.

உறைவது வேறு, புளிப்பது வேறு. முதலில் இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்.

தேனில் பெரும்பகுதி இரண்டு வகைச் சர்க்கரை. அதில் குளுக்கோஸ் என்பது குளிர் பட்டால் மணல்போலப் பிரிந்து நிற்கும். மார்கழி, தை மாதங்களில் செம்மேட்டில் எப்படிக் குளிருகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 14 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் தேன் வெகு சீக்கிரம் உறையும். குளிர்ப்பெட்டிக்குள் வைப்பதும் இதனால்தான் வேண்டாத வேலை. உறைந்த தேன் கெட்ட தேன் அல்ல, அப்படியே சாப்பிடலாம். இளக்க வேண்டுமானால் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சுட வைத்து அடுப்பிலிருந்து இறக்குங்கள். விரலை விட்டால் பொறுக்கிற சூடு போதும். அடியில் ஒரு துணியைப் போட்டு, மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாட்டிலை அதில் நிறுத்தி வையுங்கள். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். பாட்டிலை நேரே அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டீர்களானால் நிறம் கறுத்து, வாசனை போய், வெறும் பாகுதான் மிஞ்சும்.

புளிப்பதுதான் உண்மையான சேதம். பூவிலிருந்து தேனீ கொண்டு வருகிற மதுரசத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ராவும் பகலும் சிறகை விசிறி அந்த நீரைக் குறைத்து, பக்குவமானதும் ஒவ்வோர் அறைக்கும் மெழுகு மூடி போட்டு விடுகிறது. மூடி போட்ட தேனில் பொதுவாக நீர் 20 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். மூடாத அடையைப் பிழிந்தால் அதைவிட அதிகம். தேனில் இயற்கையாகவே ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு. நீர் கூடினால் அதற்குக் கொண்டாட்டம், சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் வாயுவையும் உண்டாக்கி விடும். நம் பழங்காலத்துக் குறிஞ்சி நிலத்து மக்கள் தேனை மூங்கில் குழாயில் அடைத்து, புளிக்க விட்டுக் குடித்த சங்கதி திருமுருகாற்றுப்படையிலேயே இருக்கிறது. அவர்கள் வேண்டுமென்று செய்ததை நாம் வேண்டாமல் செய்கிறோம்!

ஆகவே பாதுகாப்பு அடையை அறுக்கும்போதே தொடங்குகிறது. முக்கால் பங்குக்கு மேல் மூடி போட்ட அடையாகப் பார்த்து எடுங்கள். புழு உள்ள பகுதியை விட்டுவிடுங்கள். அதையும் சேர்த்துப் பிழிந்தால் புழுவின் நீரும் மகரந்தமும் கலந்து சீக்கிரம் கெடும். ஈரமில்லாத மெல்லிய துணியில் வடிகட்டி, மூடிய பாத்திரத்தில் இரண்டு நாள் தெளிய விட்டு, மேலே மிதக்கிற நுரையையும் மெழுகுத் துணுக்கையும் வழித்து எடுத்த பிறகு பாட்டிலில் ஊற்றுங்கள்.

தண்ணீர் அதிகமா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு பாட்டிலின் கழுத்தில் கோடு போட்டு, அது வரை அரைக் கிலோ தண்ணீர் பிடிக்கிறது என்று வையுங்கள். பாட்டிலைத் துடைத்துக் காயவைத்து, அதே கோடு வரை தேன் ஊற்றினால், பாட்டில் எடை நீங்கலாக 700 கிராமாவது நிற்க வேண்டும். குறைந்தால் அந்தத் தேனை நாள்பட வைக்காமல் முதலில் செலவு செய்யுங்கள். இது நீரை மட்டும்தான் காட்டும், கலப்படத்தைக் காட்டாது. காகிதத்தில் சொட்டு விடுவது, நாய் நக்குமா, எறும்பு மொய்க்குமா என்று பார்ப்பதெல்லாம் எதற்கும் சாட்சி இல்லை.

நம் மலையில் இன்னொரு வில்லங்கம், பனியும் சாரலும். தேன் காற்றிலுள்ள ஈரத்தை உப்பைப்போல இழுத்துக்கொள்ளும். மூடி சரியில்லாத பாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே இளகி, அங்கிருந்துதான் புளிக்க ஆரம்பிக்கும். பெரிய ஜாடியைத் தினம் திறக்காமல், சிறு பாட்டில்களில் கழுத்து வரை ஊற்றி, திருகுமூடியால் இறுக்கி வையுங்கள். எடுக்கிற கரண்டி காய்ந்திருக்க வேண்டும். எத்தனையோ வீடுகளில் தேனைக் கெடுப்பது ஈரக் கரண்டிதான்.

கண்ணாடி பாட்டில், பீங்கான் ஜாடி உத்தமம். ஊறுகாய் வைத்த ஜாடி ஆகாது, வாசனை ஏறும். மண்ணெண்ணெய் டப்பாவைக் கிட்டவே சேர்க்காதீர்கள். தேனில் புளிப்பு அமிலம் இருப்பதால் இரும்பு, நாகம் பூசிய தகரம், செம்பு, பித்தளை இவற்றில் வைக்கப்படாது. அடுப்பு மேடைக்கு மேலுள்ள பரண், வெயில் படும் சன்னல் இரண்டும் கூடாது. இருட்டான, குளிர்ச்சியான அலமாரி போதும். எறும்புக்குப் பயந்தால் பாட்டிலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள், மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும்.

பொங்க ஆரம்பித்த பாட்டிலை மட்டும் இறுக்கி மூடாதீர்கள். வாயு சேர்ந்து கண்ணாடி வெடித்தால் ஆபத்து. தளர்த்தி வைத்து, 65 டிகிரி சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் நிறுத்தினால் ஈஸ்ட் அடங்கும். பழைய ருசி முழுதும் திரும்பாது. அதை விற்காதீர்கள்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு சங்கதி. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறோம் என்று நாக்கில் தேன் தொட்டு வைப்பதும், வசம்பை உரசித் தேனில் குழைத்துக் கொடுப்பதும் நம் பக்கம் வழக்கம். எவ்வளவு சுத்தமான தேனிலும் க்ளாஸ்டிரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கக் கூடும். பெரியவர்களின் குடலில் அது முளைக்காது. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கினால், மலச்சிக்கலில் தொடங்கி, பால் உறிஞ்ச முடியாமல், கழுத்து துவண்டு, மூச்சுத் திணறல் வரை போகும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. பாட்டி கோபித்துக் கொண்டாலும் பரவாயில்லை, ஒரு வயது நிறையும் வரை ஒரு சொட்டும் வேண்டாம். கொடுத்த பிறகு இந்த அறிகுறி தெரிந்தால் செம்மேட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிப் போங்கள். தேன் கொடுத்ததை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

விற்கிறவர்கள் பாட்டிலில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். எடுத்த மாதம், எந்தத் தேனீயின் தேன், குளிரில் உறையும், வெந்நீரில் நிறுத்தினால் இளகும், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று தமிழில் எழுதினால் போதும். அந்தச் சோளக்காட்டுப் பெரியவர் பேரனை விட்டு இப்படித்தான் எழுத வைத்திருக்கிறார்.