கேட்பது பிச்சையல்ல



அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்தும் பணம் போதாமல் தவிக்கும் நம் மாணவர்களிடம், "கூடுதல் உதவித்தொகை கேட்டீர்களா?" என்று கேட்பேன். "இடம் கொடுத்ததே பெரிது. கேட்டால் அதுவும் போய்விடாதா?" என்பார்கள். இது தனிமனிதக் கூச்சமல்ல. கொடுத்ததை வாங்கிக்கொள் என்று சாதி நமக்குக் கற்பித்த பாடம். கேட்கலாம் என்று சொல்லித்தர மற்றவர்களுக்கு அங்கே ஒரு மாமா இருக்கிறார். நமக்கு நாம்தான்.

நான் கேட்டேன். மாத உதவித்தொகையை உயர்த்தவில்லை; ஆனால் விமானச் செலவைத் தந்தார்கள். இடமும் பறிபோகவில்லை.

நிதியுதவியை ஏற்பதா என்று முடிவெடுக்க ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதாகப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக ஒப்புக்கொண்டுள்ளன. அதற்குள் துறைக்கு எழுதுங்கள். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் கணக்கிட்டு, எத்தனை டாலர் குறைகிறது என்று சொல்லுங்கள். வேறு பல்கலைக்கழகம் அதிகம் தந்திருந்தால் அந்தக் கடிதத்தை இணையுங்கள். தொகையை உயர்த்த முடியாதென்றால் கட்டணத் தள்ளுபடியோ பயணச் செலவோ கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பரோடா அரசின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா சென்றவர் அண்ணல் அம்பேத்கர். அந்த உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். சேமித்தும் கடன் வாங்கியும் 1920இல்தான் மறுபடி போக முடிந்தது. அவரிடம் குறைந்தது அறிவல்ல, பணம். அந்தக் காரணத்துக்காக நம்மில் இன்னொருவர் திரும்பி வரக் கூடாது. கேளுங்கள்!