தாய்மாரே, தயங்க வேண்டாம்



கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேச நாம் கூசுகிறோம். அந்தக் கூச்சமே நோய்க்குத் துணை. மாதவிலக்கு நின்றபின் உதிரம் படுவதும், தாம்பத்தியத்துக்குப்பின் உதிரம் கசிவதும், நாற்றமுள்ள வெள்ளைப்பாடும் அபாய அறிகுறிகள்.

அறிகுறி தோன்றுமுன்னரே கண்டுபிடிக்கவும் வழியுண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, வினிகரிலுள்ள அமிலத்தைத் தடவிச் சோதித்தார்கள். கோளாறான இடம் வெளுத்துத் தெரியும். அதைக் குளிரால் உறையவைத்து அழிப்பார்கள். அப்பெண்களிடையே இந்நோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் அறிவித்தார்கள். புற்றாகவே முற்றிவிட்டால் அறுவையோ கதிர்வீச்சோ தேவைப்படும்.

சாரல் விழுந்தால் குற்றாலத்துக்கு ஓடும் நாம், தென்காசி அரசு மருத்துவமனைக்கு ஒருமுறை போகத் தயங்கலாமா? கணவன்மாரே, முப்பது வயது கடந்த மனைவியை நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.