குறிப்பில் இருக்கும் கணக்கு

வீட்டில் சோப்பும் கிரீமும் செய்பவர்கள் பார்க்கும் குறிப்புகளில் சுருக்கக் குறிகள் நிறைய வரும். புரியாததை விட்டுவிட்டுப் பொருள்களை மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது, அளவும் ஆபத்தும் அந்தக் குறிகளில்தான் இருக்கின்றன. என்.ஏ.ஓ.எச். என்றால் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. கட்டிச் சோப்புக்கு உரியது. கே.ஓ.எச். என்றால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. திரவச் சோப்புக்கு உரியது. 100 கிராம் தேங்காய் எண்ணெயை முழுக்கச் சோப்பாக்க முன்னதில் சுமார் 18 கிராம் வேண்டும், பின்னதில் சுமார் 26 கிராம். பின்னதன் அளவில் முன்னதைப் போட்டால் 7, 8 கிராம் காரம் சோப்பிலேயே தங்கித் தோலைப் புண்ணாக்கும்.

கியூ.எஸ். என்பது தேவையான அளவு என்பதைக் குறிக்கும். தண்ணீருக்கு எதிரே வந்தால், மொத்தம் 100 ஆகும்வரை சேர்க்கச் சொல்கிறது. டபிள்யூ/டபிள்யூ என்பது எடைக்கு எடை. 100 மில்லி கிளிசரின் சுமார் 126 கிராம் இருக்கும் என்பதால், அளவுக் குவளையை நம்பினால் கணக்கு பிசகும். கடலைமாவையும் சீயக்காயையும் கைப்பிடியால் அளந்தவர்கள்தானே நம் பாட்டிமார் என்பீர்கள். உண்மைதான், ஒரு பிடி கூடினால் கடலைமாவு சுடாது; காஸ்டிக் சோடா சுடும். ஆகவே ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் முழுப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று புரியவில்லை என்றாலும் அன்று அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.