கயிறு பிடிக்க ஓர் ஆள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், கொண்டச்சிப் பகுதிப் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

உடல்நலத்தைப் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டபோது எங்களுக்கே சிரிப்பு வந்தது. உடற்கல்விப் பாடவேளையில் தலையிடி, வயிற்றுவலி என்று சொல்லி மர நிழலில் குந்தியிருந்தவர்கள் நாங்கள். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் எங்கள் பங்கு பெரும்பாலும் கைதட்டுவதுதான். ஆகவே வென்றவர்களாக இங்கே நிற்கவில்லை. தொடங்கி, விட்டு, மறுபடி தொடங்கியவர்களாகவே பேசுகிறோம்.

நடக்க வேண்டும், சீனியைக் குறைக்க வேண்டும் என்பது தெரியாத ஒருத்தி இந்த மண்டபத்தில் இல்லை. தெரிந்ததை மூன்றாம் மாதத்தில் விட்டுவிடுவதுதான் நம் எல்லோருக்கும் உள்ள வருத்தம். கனடாவில் இருப்பவர் பனியைச் சொல்கிறார். கொழும்பில் இருப்பவர் வேலையைச் சொல்கிறார். நாங்கள் வெயிலைச் சொன்னோம்.

எங்கள் தலைமுறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபரில் எங்களில் முஸ்லிம் சகோதரிகள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போனார்கள். மற்றவர்களும் பின்னர் இடம்பெயர்ந்து அலைந்தோம். பிள்ளைகளுக்குச் சோறு, தண்ணீர், கூரை என்பதே நினைப்பாக இருந்த ஆண்டுகள் அவை. கடைசியாகச் சாப்பிடுவதும், தன் வருத்தத்தைக் கடைசியாகச் சொல்வதும் அப்போது பழகிப்போயின. போர் முடிந்து, காடு மண்டிக் கிடந்த வளவுகளைத் துப்புரவாக்கிக் குடியேறினோம். வீடு வந்தது, தெரு வந்தது, மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் வந்தன. கால்நடை நின்றது. ஆனால் "எனக்கென்ன, நான் பிறகு பார்ப்பேன்" என்ற அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. கிளினிக்கில் பிறசர், சலரோகம், கொலஸ்திரோல் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி திறந்தார்கள்.

அப்படித்தான் ஒரு தை மாதத்தில் ஆறு பேர் காலை நடை தொடங்கினோம். முதல் வாரம் திருவிழாப் போல இருந்தது. புதுச் சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல், வட்ஸ்அப்பில் படம். சந்தியில் நின்றவர்கள், "என்ன, இந்த வயதில் ஓட்டப் போட்டிக்கோ?" என்று கேட்டார்கள். அதையும் தாங்கினோம். பிறகு ஒருவருக்குப் பேரப்பிள்ளை பிறந்தது. ஒருவர் வீட்டில் கலியாணம். சோளகக் காற்று மணலை அள்ளி வீசியது. எவரும் "விடுவோம்" என்று சொல்லவில்லை. ஆனாலும் நின்றுபோயிற்று.

எங்கள் ஆறாவது தோழிக்கு நெடுநாளாகச் சலரோகம். நடை நின்றதோடு அவர் கிளினிக் போவதையும் விட்டிருந்தார். ஒருமுறை "காலில் சின்னக் காயம், வீட்டிலேயே இருக்கிறேன்" என்று குழுவில் ஒரு செய்தி போட்டார். நாங்கள் ஐவரும் பூப்படம் அனுப்பினோம். ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. சில வாரங்களில் அவருடைய வலது காலின் விரல்களை எடுக்க வேண்டி வந்தது.

அந்தக் குற்ற உணர்ச்சியோடு அவர் கட்டிலருகே இருந்தபோதுதான், சின்ன வயதில் கேட்ட முத்துக்குளிப்புக் கதை எங்கள் பேச்சில் வந்தது. கொண்டச்சிக் குடாவின் முத்துக்குளிப்பை 1803இல் வெளியான தம் நூலில் றொபேட் பேர்சிவல் விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு தோணியில் பத்துப் பேர் சுழியோடிகள். ஐந்து பேர் இறங்க, ஐந்து பேர் இளைப்பாறுவார்கள். கல் கட்டிய கயிற்றைக் கால் விரல்களால் பற்றி இறங்கும் ஒருவர் நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது தடவை மூழ்குவாராம். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் உடனே இழுத்தெடுக்க வேண்டும். அதனால் கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள் என்று இக்கரையிலும் அக்கரையிலும் சொல்வதுண்டு. தங்கை தாலியை நினைத்தாவது கவனமாயிருப்பானாம்.

மூச்சுப் பலமுள்ள அந்த மனிதர்கள்கூடத் தம் மூச்சை மட்டும் நம்பிக் கடலில் இறங்கவில்லை. நாங்களோ மன உறுதியை மட்டும் நம்பி இறங்கினோம். எங்கள் தோழி கயிற்றை அசைத்தபோது எங்கள் கை வேறு வேலையாக இருந்தது.

மறுபடி தொடங்கியபோது முறையை மாற்றினோம். இப்போது எங்கள் தோழிதான் எங்களுக்குக் கயிறு பிடிக்கிறார். காலை ஐந்தரைக்கு அவர் வீட்டுப் படலையடியில் கதிரை போட்டுச் சீ.ஆர். கொப்பியோடு இருப்பார். அதுதான் எங்கள் இடாப்பு. பெயர் கூப்பிடுவார், "வந்தேன் ரீச்சர்" என்று சொல்லிவிட்டு நடப்போம். வராதவருக்கு அங்கிருந்தே தொலைபேசி எடுப்பார். இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் திரும்பும் வழியில் அவர் வீட்டுக்குப் போவோம். திட்டுவதற்கு அல்ல, தேத்தண்ணீர் குடிப்பதற்கு. நாங்கள் நடந்து வரும் நேரத்தில் அவர் கதிரையில் இருந்தபடியே, வைத்தியசாலையில் காட்டிக்கொடுத்த கை, கால் பயிற்சிகளைச் செய்வார்.

ஒரு நாள் தவறினால் எல்லாம் கெட்டது என்று நினைப்பதுதான் முன்பு எங்களைக் கெடுத்தது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு நடுக்கணக்காக 66 நாட்கள் எடுத்தன; சிலருக்கு 18, சிலருக்கு 254 நாட்கள் என்று கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் குலைக்கவில்லை என்றும் அதில் கண்டார்கள். ஆகவே எங்கள் இடாப்பில் சிவப்புக் கோடு கிடையாது.

பத்தாயிரம் அடி நடக்க முடியவில்லையே என்று கவலைப்படும் சகோதரிகளுக்கும் ஒரு நல்ல செய்தி. அந்தப் பத்தாயிரம் 1965 அளவில் ஜப்பானில் அடி எண்ணும் கருவியொன்றை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சராசரி வயது 72 ஆன 16,741 பெண்களைப் பார்த்தார்கள். நாளுக்கு 2,700 அடி அளவில் நடந்தவர்களைவிட 4,400 அடி அளவில் நடந்தவர்களிடையே இறப்பு 41 வீதம் குறைவாக இருந்தது. ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. 4,400 அடி என்பது நமக்கு எட்டாத தூரமல்ல. மடுத் திருவிழாவுக்குக் கால்நடையாகப் போன தாய்மாரின் பிள்ளைகள் நாம்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். தவக்காலத்தையும் நோன்பையும் நாம் ஏன் விடாமல் பிடிக்கிறோம்? பக்தி முதற் காரணம். வீடு முழுவதும், ஊர் முழுவதும் சேர்ந்து பிடிப்பது இன்னொரு காரணம். எனவே எனக்கு மட்டும் குரக்கன் புட்டு, மற்றவர்களுக்கு வெள்ளைப் புட்டு என்பதை நிறுத்தினோம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டி. முருங்கையிலை, வல்லாரை, மீன், அளவான சோறு. தேத்தண்ணீருக்குச் சீனியை ஒரே நாளில் நிறுத்தியவர்கள் திரும்பவும் போட்டார்கள். அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தவர்கள் நின்றுபிடித்தார்கள். குளிர்பானப் போத்தலில் 2016 முதல் சீனி அளவுக்கு நிறக் குறியீடு இருக்கிறது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. பேரப்பிள்ளைகளை அந்த நிறத்தைப் பார்க்கப் பழக்கினோம். இப்போது அவர்கள் எங்கள் கையைப் பிடிக்கிறார்கள்.

நோன்பு மாதத்தில் நேரத்தை மாற்றி, நோன்பு திறந்த பிறகு வளவுக்குள்ளேயே நடக்கிறோம். மாரியில் விறாந்தையில் நடக்கிறோம். சலரோகமுள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்கிறோம். வெறுங்காலோடு மணலில் இறங்குவதில்லை. நெஞ்சில் நோவு, மூச்சுத் திணறல் என்றால் வீரம் காட்டாமல் வைத்தியரிடம் போகிறோம்.

முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023இல் தம் 72ஆவது வயதில் பிலிப்பைன்ஸ் சென்று மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்று வந்தபோது நாங்கள் பெருமையில் மிதந்தோம். ஆனால் மறுநாள் காலை எங்களைக் கட்டிலிலிருந்து எழுப்பியது அந்தப் பதக்கங்கள் அல்ல. படலையடியில் ஒருத்தி கொப்பியோடு காத்திருக்கிறாள் என்ற நினைப்புத்தான்.

அன்புச் சகோதரிகளே, இந்தச் சங்கம் நூறு ஆண்டுகளாக நம் பெயர்களை ஏடுகளில் வைத்திருக்கிறது. இன்று வீடு திரும்புமுன் உங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். நாடு வேறாக இருக்கலாம், நேரம் வேறாக இருக்கலாம். கிழமைக்கு இரண்டு தரம் கூப்பிட்டு, "இன்றைக்கு நடந்தாயா? கிளினிக் போனாயா? காலைப் பார்த்தாயா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பூப்படம் அனுப்பி முடித்துவிடாதீர்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் கூப்பிடுங்கள்.

எங்கள் தோழி இன்று இங்கே வந்திருக்கிறார், முன்வரிசையில் கொப்பியோடு. நாங்கள் ஐவரும் வந்ததாகப் பதிந்துவிட்டார். நாளைக் காலை ஐந்தரைக்கும் பதிவார்.